பூட்டிய வீட்டின் சேற்றுக்கோடு

நாற்பத்தெட்டில் புதுக்கோட்டை சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு இணைந்தபோது எனக்கு இருபது வயது. மராமத்து ஆபீசில் படம் வரையும் வேலையில் இருந்தேன். ஆட்களையும் மேஜை நாற்காலிகளையும் சேர்த்துப் புதிய சர்க்கார் எடுத்துக்கொண்டது. சில வருஷங்களில் நான் ஓவர்சியர் ஆனேன். ஆனாலும் திருச்சியிலிருந்து வந்தவர்கள் எங்களைப் பற்றிப் பேசும்போது "சமஸ்தானத்து ஆளுங்க" என்பார்கள். அதில் மரியாதை இருக்காது. கணக்குத் தெரியாதவர்கள், ராஜா காலத்துச் சோம்பேறிகள் என்று அர்த்தம். அந்த வார்த்தை என்னைக் குத்திக்கொண்டே இருந்தது. பின்னால் நான் செய்த காரியத்துக்கு அந்தக் குத்தலும் ஒரு காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம். பொன்னமராவதிக்குக் கிழக்கே இருந்த ஒரு பெரிய கண்மாய் உடைந்தது. ஆள் சேதம் இல்லை. ஆனால் கரை அறுபது கஜத்துக்குப் பிய்த்துக்கொண்டு போய், கீழே இருந்த ஊரின் வயல்களில் மணலைக் கொட்டிவிட்டது. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்குக் கரையின் ஓரத்தில் கல்லால் கட்டிய தாழ்வான சுவர் இருக்கும். அதைக் கலிங்கு என்போம். இந்தக் கண்மாயின் கலிங்கு குறுகலானது. வந்த தண்ணீர் அதன் வழியாகப் போக முடியாமல் கரைமேல் ஏறி உடைத்துவிட்டது. கரையைக் கட்டுவதோடு புதுக் கலிங்கும் கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது.

எவ்வளவு நீளக் கலிங்கு? அதுதான் கேள்வி. எவ்வளவு வெள்ளம் வரும் என்று தெரிந்தால் அதைச் சொல்லிவிடலாம். காவிரியில் தினம் தினம் தண்ணீரை அளந்து எழுதி வைக்கிறார்கள். எங்கள் ஓடைகளுக்கு அப்படி எதுவும் கிடையாது. வருஷத்தில் பத்து நாள் ஓடும், மிச்ச நாளெல்லாம் மணலாகக் கிடக்கும். அங்கே யார் அளவுகோல் நட்டு வைப்பார்கள்?

அதற்காக ஒரு சூத்திரம் இருந்தது. எத்தனை சதுர மைல் நிலத்தின் மழை அந்த ஓடைக்கு வருகிறது என்று வரைபடத்தில் அளக்க வேண்டும். கடற்கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்து புத்தகத்தில் ஓர் எண் இருக்கும். இரண்டையும் போட்டால் வெள்ளத்தின் அளவு வந்துவிடும். மேலே வேறு கண்மாய்கள் இருந்தால், அவை பிடித்து வைக்கும் தண்ணீருக்காக ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளலாம். எங்கள் உதவி எஞ்சினியர் அப்படித்தான் செய்தார். மேலே ஏழு கண்மாய்கள் இருந்தன. ஏழையும் கழித்தார். எண்பது அடிக் கலிங்கு போதும் என்று வந்தது.

அவர் திருச்சிக்காரர். நாற்பது வயது இருக்கும். வேலையில் கறார். "எண்பது அடிக்குப் படம் போடு. போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை எடத்தைப் பாத்துட்டு வந்துடு" என்று என்னிடம் சொன்னார்.

மட்டம் பார்க்கும் டம்பி லெவல் கருவியையும் அளவுக் கம்பையும் சங்கிலியையும் எடுத்துக்கொண்டு, லஸ்கரோடு போனேன். லஸ்கர் என்பது எங்கள் இலாகாவில் கரைகளைச் சுற்றிவரும் கடைநிலை ஊழியர். இவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், குன்றாண்டார்கோவில் பக்கத்து ஆள். அதிகம் பேச மாட்டார்.

கண்மாய்க் கரை ஊரில் எங்களைக் கண்டதும் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் என் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஒரு பனைமரத்தடிக்குக் கூட்டிப் போனார்.

"இங்கிட்டுப் பாருங்க சார். எம்புட்டு ஒசரத்துக்கு வந்துச்சுன்னு நீங்களே பாருங்க" என்றார்.

என் தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில் மரத்தைச் சுற்றிச் சேறு அப்பியிருந்தது. நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். லஸ்கர் மரத்தருகே போய்க் கம்பை ஊன்றி எக்கி, விரல் நகத்தால் அந்தச் சேற்றைச் சுரண்டினார். உள்ளே ஈரம். வெள்ளம் வடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"இது நேத்திக்கு வந்த வெள்ளம் போலருக்கு" என்றார் லஸ்கர்.

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. கூட்டி வந்தவரும் சேர்ந்து சிரித்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மறுபடி கரை உடையக் கூடாது, கலிங்கு பெரிதாக வேண்டும். அதற்காக வெள்ளத்தைக் கொஞ்சம் வளர்த்துக் காட்டினார், அவ்வளவுதான்.

மறுநாள் கீழே இருந்த ஊருக்குப் போனால் கதை தலைகீழாக இருந்தது. கலிங்கு நீண்டால் தங்கள் பக்கம் தண்ணீர் அதிகம் வரும் என்று அவர்களுக்குப் பயம். அந்த ஊரின் முக்கியஸ்தர், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த ஒரு விவசாயி, அடித்துச் சொன்னார்.

"ஓடையில முழங்காலுக்கு மேல தண்ணி ஏறலைங்க. கரையில எலி வங்கு இருந்துச்சு, அதான் ஒடைஞ்சு போச்சு. இருக்குற கலிங்கே போதும்."

ஒரே வெள்ளம், ஒரு ஊரில் ஆள் உயரம், இன்னொரு ஊரில் முழங்கால் உயரம். திரும்பி வந்து எண்பது அடிக்குப் படம் போட்டிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் உடைந்த இடத்தில் நின்று பார்த்தபோது, எண்பது அடி வழியாக அந்தத் தண்ணீர் போயிருக்காது என்று என் மனசுக்குப் பட்டது. மனசுக்குப் பட்டதை ஆபீசில் எழுத முடியாது. யாரும் வளர்க்கவோ குறைக்கவோ முடியாத ஓர் அடையாளம் வேண்டும். ஓடையோடு மேலே நடந்து தேடலாம் என்று லஸ்கரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கருவியைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

ஒன்றரை மைல் மேலே, ஓடைக்கரையில் பத்துப் பன்னிரண்டு வீடுகள் இருந்தன. பெரும்பாலும் மண் சுவர்கள், பாதி இடிந்திருந்தன. ஓரத்தில் ஒரு வீடு மட்டும் செம்புறாங்கல்லால் கட்டி, சுண்ணாம்பு பூசி, ஓடு வேய்ந்தது. வெளிச்சுவரில் சேற்றுக்கறை மேலும் கீழுமாக அலைந்து கிடந்தது. ஓடும் தண்ணீர் சுவரில் மோதித் தெறிக்கும், அதை நம்பி அளக்க முடியாது. கதவில் பூட்டு தொங்கியது.

எதிர் வீட்டில் சாணம் தட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முப்பது வயது இருக்கும்.

"யார் வீடுக்கா இது?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரரோட அண்ணன் வீடுங்க. குடும்பத்தோட பினாங்குக்குப் போயிருக்காக. சித்திரையில பூட்டுனது."

"வெள்ளத்துக்கப்புறம் யாரும் திறக்கலையா?"

"தொறக்கலைங்க. சாவி எங்ககிட்டத்தான் இருக்கு. ஆனா பயமா இருக்கு. உள்ள என்ன ஆச்சோ? நாங்க தொறந்து, எதாச்சும் கொறைஞ்சு கிடந்தா பழி எங்க மேல வரும். அவுக வந்து தொறக்கட்டும்னு விட்டுட்டோம்."

சித்திரையில் பூட்டி, கார்த்திகையில் வெள்ளம் புகுந்து வடிந்து, இன்று வரை ஒரு கை படாத அறை. வெளியே தண்ணீர் ஓடும், அலை அடிக்கும். மூடிய வீட்டுக்குள் கதவிடுக்கில் புகுந்த தண்ணீர் அடங்கி நிற்கும். அது விட்டுப் போகும் கோடு பொய் சொல்லாது.

நான் வந்த காரியத்தை அவரிடம் விவரமாகச் சொன்னேன். கட்டாயப்படுத்த எனக்கு அதிகாரம் இல்லை என்பதையும் சொன்னேன்.

"அந்தக் கம்மா ஒடைஞ்சதுல எங்காத்தா வீட்டு வயலும் மணலாப் போச்சுங்க. இருங்க வாரேன்" என்று உள்ளே போனார்.

வரும்போது சாவியோடு பக்கத்து வீட்டு ஆட்கள் மூன்று பேரையும் கூட்டி வந்தார். "நீங்க எல்லாரும் பாத்துக்கங்க. நாளைக்குக் கேட்டா சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் பூட்டைத் திறந்தார்.

கதவு சேற்றில் உரசிக்கொண்டு பாதிதான் திறந்தது. முடை நாற்றம் முகத்தில் அடித்தது. மரப்பெட்டி மிதந்து கவிழ்ந்து கிடந்தது. அதிலிருந்த துணிமணியெல்லாம் சேறாகி உலர்ந்து பாறை மாதிரி இருந்தது. அந்தப் பெண் பெட்டியின் அருகே உட்கார்ந்து, ஒரு பட்டுச் சேலையின் முனையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். கையோடு கிழிந்து வந்தது. "அக்காவோட முகூர்த்தச் சேலை" என்று தன் ஓரகத்தியை நினைத்து அழுதார்.

நான் அழுகிற பெண்ணைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். அதைச் சொல்ல இன்றைக்கும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு கோட்டை அதுவரை நான் கண்டதில்லை. வெள்ளைச் சுவரில், என் மார்பு உயரத்தில், நாலு பக்கமும் ரசமட்டம் வைத்து இழுத்ததுபோல் ஒரு பழுப்புக் கோடு. அதற்கு மேலே சுண்ணாம்பு அப்படியே வெளுப்பாக இருந்தது.

அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அளந்துக்கங்க. அதுக்குத்தானே தொறந்தது" என்றார்.

நாலு மூலையிலும் லெவல் வைத்தேன். ஒன்றுக்கொன்று அரை விரற்கடை கூட வித்தியாசம் இல்லை. வேலை முடிந்ததும், வீட்டைத் திறந்த காரணத்தையும் உள்ளே இருந்த நிலையையும், சாட்சியாக இருந்தவர்களையும் குறிப்பிட்டு பினாங்குக்கு ஒரு கடிதம் எழுதி, கீழே என் உத்தியோகத்தைப் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்ததாம். 'திறந்தது நல்லதாகப் போயிற்று, சுவரை வெள்ளையடித்து நீங்களே புழங்குங்கள்' என்று அண்ணன் எழுதியிருந்தாராம்.

ஒரு கோடு மட்டும் இருந்தால் வெள்ளத்தின் உயரம் தெரியும், சரிவு தெரியாது. சரிவு தெரியாமல் வேகம் தெரியாது. ஓடையின் அகலம், ஆழம், தண்ணீர்மட்டத்தின் சரிவு மூன்றும் கிடைத்தால்தான் எவ்வளவு தண்ணீர் போனது என்று கணக்குப் போடலாம். கீழே அரை மைலில், ஒரு கருவேல மரத்தின் கவட்டையில் உலர்ந்த வைக்கோல் கொத்து சிக்கியிருந்தது. முள்ளுக்கு நடுவே யாரும் ஏறி வைக்க முடியாத இடம். மேலே அரை மைலில் ஓடைக்கரை அய்யனார் கோயில். அங்கே ஆள் உயரத்துக்கு மேல் மண் குதிரைகள் வரிசையாக நின்றன. வெளியில் மழை கழுவி ஒரு அடையாளமும் இல்லை.

லஸ்கர்தான் குதிரையின் வயிற்றுப் பக்கம் இருந்த ஓட்டையைக் காட்டினார். சூளையில் வேகும்போது வெடிக்காமல் இருக்கக் குயவர்கள் விடுகிற ஓட்டை அது. உள்ளே முழுக்க வெற்றுக்கூடு. பூசாரியிடம் அனுமதி கேட்டோம். செருப்பையும் சட்டையையும் கழற்றிவிட்டு வரச் சொன்னார். உள்ளே ஒரே இருட்டு. லஸ்கர் தன் பையிலிருந்து சவரக் கண்ணாடியை எடுத்து வெயிலைத் திருப்பி உள்ளே அடித்தார். குதிரையின் வயிற்றுக்குள், ஓட்டைக்கு நாலு விரல் மேலே, சேற்றுக்கோடு சுற்றி ஓடியது. மூன்று குதிரைகளில் பார்த்தோம். மூன்றிலும் ஒரே மட்டம்.

"சாமி குதிரை சாட்சி சொல்லுதுங்க" என்றார் பூசாரி. அவருக்கு எங்கள் வேலை மிகவும் பிடித்துப்போய்விட்டது.

குதிரை, வீடு, கருவேல மரம் மூன்றையும் காகிதத்தில் குறித்தபோது ஒரே நேர்கோட்டில், ஒரே சரிவில் வந்து விழுந்தன. மூன்று நாள் ஓடையைக் குறுக்கே அளந்தோம். பிறகு மேலே இருந்த ஏழு கண்மாய்களையும் நடந்தே போய்ப் பார்த்தோம். ஒன்றும் உடையவில்லை. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் கேட்டபோது ஒரே பதில்தான் வந்தது. பெருமழை பெய்வதற்கு நாலைந்து நாள் முன்பே கண்மாய் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. நிறைந்த கண்மாய் எந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கும்? ஏழையும் கழித்தது தப்பு. கழிக்காமல் சூத்திரத்தைப் போட்டேன். ஓடையை அளந்து போட்ட கணக்கையும் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒட்டி வந்தன. நூற்றைம்பது அடிக் கலிங்கு வேண்டும்.

உதவி எஞ்சினியர் என் அறிக்கையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னய்யா இது? மண் குதிரை வயித்துக்குள்ள பாத்தேன்னு எழுதியிருக்க. இதை நான் மேல அனுப்பினா என்னைப் பாத்துச் சிரிக்க மாட்டானா?"

"நீங்க ஒரு தடவை வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க சார்" என்றேன்.

"சமஸ்தானத்துல இப்படித்தான் கணக்குப் போடுவீங்களா?"

"இல்லைங்க சார். இது நானாப் போட்டது."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் அடுத்த வாரம் ஜீப்பில் வந்தார். அவரிடம் எனக்குப் பிடித்த குணம் அதுதான், நம்பாவிட்டாலும் வந்து பார்ப்பார். அந்தப் பூட்டிய வீட்டுக்குள் லெவலைத் தானே வைத்து, தானே படித்து, தன் நோட்டில் எழுதிக்கொண்டார். நான் எழுதியதைக் கேட்கவே இல்லை. நாலாவது மூலையும் ஒத்து வந்ததும் சேற்றிலேயே மண்டியிட்டு அந்தக் கோட்டைப் பக்கத்தில் பார்த்தார். அய்யனார் கோயிலில் சட்டையைக் கழற்றிவிட்டு அவரும் குதிரை வயிற்றுக்குள் தலையை விட்டார். லஸ்கர் கண்ணாடியைப் பிடித்தார்.

திரும்பும் வழியில் ஜீப்பில் தன் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தார். பிறகு, "ஏழு கண்மாயையும் நடந்தே போயா பாத்தே?" என்றார்.

"ஆமாங்க சார்."

"நான் மேஜையிலேயே கழிச்சுட்டேன்" என்றார். நூற்றைம்பது அடிக்குக் கையெழுத்துப் போட்டார்.

கீழ் ஊர்க்காரர்கள் விடவில்லை. வேலை தொடங்கிய அன்று கொடிக்கால்காரர் இருபது பேரோடு வந்து நின்றார். "எங்க ஊரை முக்குறதுக்கா கலிங்கு கட்டுறீங்க?" என்று கத்தினார்.

"கரை ஒடைஞ்சா கண்மாய்த் தண்ணி முழுக்க ஒரே மூச்சுல உங்க வயல்ல வந்து விழும். கலிங்குல வழிஞ்சா மழை குடுக்குறது மட்டும்தான் வரும். போன தடவை வந்தது எது, நீங்களே சொல்லுங்க" என்றேன்.

அவர் சம்மதிக்கவில்லை. "பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆறு வருஷம் பார்த்தோம். பெரிய மழை வரவே இல்லை. வறண்ட ஓடைக்கு இவ்வளவு நீளக் கலிங்கா என்று ஆபீசில் கேலி பேசினார்கள். எனக்குக் கல்யாணமாகி, ஆலங்குடிக்கு மாற்றலாகியிருந்தேன். என் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மேற்கே மேகம் கறுத்தால் நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பதைப் பார்த்து அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு சொன்னேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் அடித்தது. நாலாம் நாள் காலையில் மழை விட்டதும், "போயிட்டு வந்துடுங்க, இங்க இருந்தா உங்களுக்குச் சோறு எறங்காது" என்று மனைவி குடையை எடுத்துக் கொடுத்தாள். புதுக்கோட்டை போய், பொன்னமராவதி பஸ்ஸில் ஏறினேன். வழியில் ஒரு தரைப்பாலம் முங்கியதால் பஸ் நின்றுவிட்டது. வெள்ளம் தணிந்த பின் அங்கிருந்து நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது தாண்டியிருந்தது.

தூரத்திலேயே சத்தம் கேட்டது. நூற்றைம்பது அடி நீளத்துக்கும் தண்ணீர் ஒரே கண்ணாடிப் பாளமாக வளைந்து விழுந்துகொண்டிருந்தது. கரை முழுக்க ஜனம். யாருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை. கலிங்கின் பக்கச்சுவரில் நாங்கள் அடிக்கணக்கு எழுதியிருந்த இடத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். காலையில் ஏறியிருந்த உச்ச மட்டத்தின் ஈரம் இன்னும் காயவில்லை. அந்தப் பழைய வெள்ளம் திரும்ப வந்தால் கலிங்கின் மேல் மூன்றடி வரும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். மூன்று அங்குலம் குறைவாக வந்திருந்தது.

பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில், எண்பது அடியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று போட்டுப் பார்த்தேன். தண்ணீர் கரைமேல் ஏறியிருக்கும். டிக்கெட் கையில் இருக்க, அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டேன். என் வாழ்நாளில் எனக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது, பாராட்டும் வந்திருக்கிறது. அந்த மூன்று அங்குலத்துக்கு அவை ஈடாகாது.

கொடிக்கால்காரர் கரையோடு நடந்து வந்தார். தலை நரைத்திருந்தது. அவருக்கு மட்டும் என்னைத் தெரிந்தது.

"வந்துட்டீங்களா? வருவீங்கன்னு நெனச்சேன்."

"உங்க பக்கம் எப்படிங்க?"

"கொடிக்கால்ல தண்ணி நிக்குது. நாலு நாள்ல வடிஞ்சுரும். மணல் ஏறல." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னிக்கு முழங்கால்னு சொன்னேன்ல. இடுப்புக்கு மேல இருந்துச்சுங்க."

"தெரியும்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். மடியிலிருந்து ஒரு வெற்றிலைக் கவுளியை எடுத்து என் கையில் வைத்தார்.

அந்தப் பழைய உதவி எஞ்சினியர் அதற்குள் திருச்சியில் பெரிய பதவிக்குப் போயிருந்தார். செய்தி அவருக்கும் எட்டியிருக்கிறது. இரண்டு மாதத்தில் எல்லா ஆபீசுக்கும் அவரிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அளவுகோல் இல்லாத ஓடைகளில் கலிங்கோ பாலமோ கட்டும் முன், சூத்திரத்தை மட்டும் நம்பாமல், பழைய வெள்ளத்தின் அடையாளங்களை மூடிய இடங்களில் தேடி லெவல் எடுக்க வேண்டும். மேலே உள்ள கண்மாய்களை நேரில் பார்க்காமல் கழிக்கக் கூடாது. கடைசிப் பத்தியில், இந்த முறை புதுக்கோட்டை முன்னாள் சமஸ்தான ஊழியர் ஒருவர் கையாண்டது என்று எழுதியிருந்தார். ஆபீசில் அதை உரக்கப் படித்தார்கள். நான் ஏதோ பைலைத் தேடுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டில் மனைவியிடம் காட்டினேன். டீச்சர் அல்லவா, பேனாவோடு படிப்பவள்போல வரிவரியாகப் படித்தாள். "'முன்னாள் சமஸ்தான ஊழியர்'னு போட்டிருக்காரே, அது கிண்டலா, மரியாதையா?" என்று கேட்டாள்.

"மரியாதைதான்" என்றேன். அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அதே உத்தரவின்படி ஜில்லாவின் தெற்குப் பக்கத்துப் பதினோரு ஓடைகளை என்னிடம் ஒப்படைத்தார்கள். லஸ்கரை என்னோடு அனுப்பும்படி எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் ஓடைக்குப் போன அன்று, கருவியை இறக்கி வைக்கும் முன்பே அந்த ஊர்க்காரர் ஒருவர் ஓடி வந்தார். "இங்கிட்டு வாங்க சார், அந்த வேப்பமரத்துல பாருங்க" என்றார். லஸ்கர் என்னைப் பார்த்தார். "மரம் இருக்கட்டுங்க. இந்த ஊர்ல ரொம்ப நாளாப் பூட்டிக் கெடக்குற வீடு எது?" என்று கேட்டேன்.